படம் சேவ் ஆகவில்லையா?

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர்களிடம் வரும் புகார்களில் ‘படம் சேவ் ஆகமாட்டேங்குது’ என்பதைப் போல ஆளை ஏமாற்றும் புகார் குறைவு. பல நேரங்களில் படம் சேவ் ஆகித்தான் இருக்கும். கேட்ட வடிவத்தில் இருக்காது, அல்லது நினைத்த இடத்தில் இருக்காது. அதனால் கைதேர்ந்த மெக்கானிக் வந்ததும் மவுஸைத் தொடுவதில்லை. “என்ன பேர்ல சேவ் பண்ணீங்க சார்? கடைசியா எங்க பாத்தீங்க?” என்றுதான் ஆரம்பிப்பார். இந்த இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய பேர்.

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு பேர்போன வியாதி உண்டு. பக்கத்தில் இருக்கும் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து ‘சேவ் பிக்சர் ஆஸ்’ கொடுத்தால், பெயருக்கான இடத்தில் ‘அன்டைட்டில்ட்’ என்று வரும். வகைப் பட்டியலில் பிஎம்பி ஒன்றுதான் இருக்கும். ஜேபெக்கும் இருக்காது, ஜிஃபும் இருக்காது. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த பிரவுசர் திடீரென்று இப்படிச் செய்தால் வைரஸ் என்று பயப்படுவது இயல்புதான்.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. பிரவுசர் ஒரு படத்தைக் காட்டும்போதே அதன் மூல ஃபைலை ‘டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். சேவ் கொடுத்ததும் எடுத்துத் தருவது அந்த நகலைத்தான். நகல் கிடைக்கவில்லை என்றால் அதன் கையில் மிஞ்சுவது திரையில் விரித்த புள்ளிகள் மட்டும். அவை ஜேபெக்காக வந்தனவா, ஜிஃபாக வந்தனவா என்ற தகவல் போய்விட்டது, பெயரும் போய்விட்டது. புள்ளிகளை அப்படியே கொட்டி வைத்தால் கிடைப்பது பிஎம்பி.

நகல் ஏன் கிடைக்காமல் போகிறது? அந்த ஃபோல்டர் நிரம்பி வழிந்திருக்கலாம், அதன் அட்டவணை கெட்டிருக்கலாம். பெரும்பாலும் இதுதான். ‘இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்’ போய் ‘டெலீட் ஃபைல்ஸ்’ கொடுத்தால் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்திலுள்ள ‘செட்டிங்ஸ்’, ‘வியூ ஆப்ஜெக்ட்ஸ்’ வழியாகப் போய், ‘டேமேஜ்ட்’ அல்லது ‘அன்நோன்’ என்று காட்டும் துணை நிரல்களை நீக்கிப் பார்க்க வேண்டும். சில தளங்கள் தங்கள் படத்துக்கு நகல் வைக்கவே கூடாது என்று பிரவுசருக்கு உத்தரவு அனுப்பும். அங்கே பழுது எதுவும் இல்லை. அந்த ஒரு தளத்தில் மட்டும் பிஎம்பி வருகிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

பிஎம்பியாக வந்தால்தான் என்ன என்று இன்று கேட்கலாம். அன்றைக்கு அது பெரிய விஷயம். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட், முகப்புக்கு 54 பைட் என்பது 24 பிட் பிஎம்பியின் கணக்கு. 1024க்கு 768 அளவுள்ள படம் 23,59,350 பைட் ஆகும். 1.44 எம்பி பிளாப்பியில் ஃபைல் வைக்கக் கிடைக்கும் இடமோ 14,57,664 பைட்தான். அதே படம் ஜேபெக்காக இருந்தால் ஒரு பிளாப்பியில் பல படங்கள் போகும். 800க்கு 600 அளவில் பிஎம்பி ஒன்று 14,40,054 பைட். மயிரிழையில் உள்ளே நுழையும், ஒரு பிளாப்பிக்கு ஒரு படம் என்று.

இந்த இடத்தில் பலர் செய்த குறுக்கு வழி, ஃபைலின் பெயரில் பிஎம்பியை அடித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதியது. பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது, அளவும் ஒரு பைட்கூடக் குறையாது. சந்தேகம் வந்தால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தால் போதும். குப்பையாகத் தெரியும் எழுத்துகளுக்கு நடுவே முதல் இரண்டு எழுத்து பி, எம் என்றிருந்தால் அது பிஎம்பிதான். ஜிஃப் தன் பெயரை முதலிலேயே சொல்லிவிடும். ஜேபெக்கில் தொடக்கத்தை ஒட்டி ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்ற எழுத்துகள் தென்படும். பார்த்துவிட்டு சேவ் கொடுக்காமல் மூட வேண்டும். மெக்கானிக்குகளின் ஆயுதங்களில் இதைவிட மலிவானது கிடையாது.

இன்னொரு வகை வழக்கு, இடம் இருந்தும் ஃபைலை ஏற்காத டிஸ்க். பழைய 512 எம்பி பென் டிரைவ் ஒன்றில் முந்நூறு கேமரா படங்கள் ஒழுங்காக ஏறும். அவற்றுக்கே ‘ரிசப்ஷன், மாப்பிள்ளை வீட்டார்’ என்ற மாதிரி நீளநீளமாகப் பெயர் வைத்து ஏற்றினால் நூறு சொச்சத்தில் நின்றுவிடும். முக்கால்வாசி இடம் காலி என்று விண்டோஸே காட்டும். ஃபைலை உருவாக்க முடியவில்லை என்றும் அதே விண்டோஸ் சொல்லும். எஃப்ஏடி16 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவின் முதல் தளத்தில், அதாவது எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாத இடத்தில், பெயர்களை எழுத வழக்கமாக 512 வரிகள்தான் உண்டு, பிளாப்பியில் 224. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வரி தீர்ந்துவிட்டால் பெஞ்சு காலியாக இருந்தாலும் பையனைச் சேர்க்க முடியாதது போல. கேமரா வைக்கும் எட்டெழுத்துப் பெயருக்கு ஒரு வரி போதும். நீளப் பெயருக்கு அந்த ஒரு வரியோடு ஒவ்வொரு 13 எழுத்துக்கும் இன்னொரு வரி வேண்டும். 40 எழுத்துப் பெயர் ஐந்து வரிகளைத் தின்றுவிடும். மருந்து மிக எளிது: டிரைவுக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு, படங்களை அதற்குள் வைக்க வேண்டும். ஃபோல்டருக்கு இந்த வரம்பு இல்லை.

போட்டோஷாப்பில் ‘டிஸ்க் ஃபுல்’ என்று வந்தால் அது படத்தைச் சேமிக்கப்போகும் டிரைவைப் பற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. வேலை நடக்கும்போது தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்’ நிரம்பியிருக்கலாம். ஸ்டுடியோக்காரர் சிடியில் கொடுத்த படத்தை விண்டோஸ் 98ல் காப்பி செய்து திருத்திய பிறகு அது திரும்ப சேவ் ஆக மறுத்தால், சிடியின் ‘ரீட் ஒன்லி’ அடையாளம் கூடவே வந்திருக்கிறது என்று பொருள். ப்ராப்பர்ட்டீஸ் போய் டிக்கை எடுத்தால் தீர்ந்தது. 15/8/2001 என்று தேதியைப் பெயராகக் கொடுத்தால் விண்டோஸ் ஏற்காது, சாய்கோடு அதற்கு ஆகாது. இவையெல்லாம் இரண்டு நிமிட வேலை.

மெக்கானிக்கையே பதற வைப்பது கடைசி வகை. மெயிலில் வந்த படத்தை ‘ஓப்பன்’ கொடுத்துத் திறந்து, பெயின்ட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தி, கன்ட்ரோல் எஸ் அடித்து மூடியிருப்பார் ஒருவர். எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. அது போனது அதே டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸுக்குள். அவுட்லுக்கிலிருந்து திறந்ததென்றால் அதற்குள்ளே ஓஎல்கே என்று தொடங்கும், கண்ணுக்குக் காட்டாத ஒரு துணை ஃபோல்டரில் இருக்கும். பிஎம்பி வியாதிக்கு எந்த ஃபோல்டரைக் காலி செய்வது மருந்தோ, அதே ஃபோல்டரில்தான் இவருடைய ஒரே பிரதி கிடக்கிறது. இரண்டு புகாரையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்வதும் உண்டு. அப்போது கை பழக்கத்தில் ‘டெலீட் ஃபைல்ஸ்’ பக்கம் போனால் கதை முடிந்துவிடலாம்.

விண்டோஸ் 98க்கு மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையிலும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் பரணில், ஸ்டுடியோ மூலைகளில் அந்த இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றன, உள்ளே படங்களோடு. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், எந்தத் துப்புரவு மென்பொருளையும் ஓட்டுவதற்கு முன் அந்தத் தற்காலிக ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். பழுது பார்க்க ஆள் வந்தால் அவரிடமும் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.