யானைமலையும் வெடிமருந்தும்

எங்கள் விருதுநகர், சிவகாசிச் சீமையில் "மருந்து" என்றால் வைத்தியர் ஞாபகம் வராது. வெடிமருந்துதான் ஞாபகத்துக்கு வரும். ஆகவே, சரித்திரப் பாடத்துக்காகப் பிள்ளைகளை மதுரைக்கு அழைத்துச் சென்றபோது, ஒத்தக்கடையில் யானைமலையை அண்ணாந்து பார்த்த ஒரு பையன், "ஸார், இதைப் பிளக்க எத்தனை மருந்து வேண்டும்?" என்று கேட்டதில் வியப்பில்லை. அவனுடைய தகப்பனார் பட்டாசுத் தொழிலாளி. முன்பு கல்குவாரியிலும் வேலை பார்த்தவர்.

மதுரைக்கு வடகிழக்கே, படுத்திருக்கும் யானையைப் போல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது இந்த மலை. சமணர்கள் ஏவிய யானையைச் சோமசுந்தரக் கடவுள் நரசிங்கக் கணையால் வீழ்த்தினார், அது கல்லாய்ச் சமைந்தது என்பது திருவிளையாடல் கதை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமணர்களே இம்மலையில் தவம் செய்திருக்கிறார்கள்! குகைத்தளத்தில் அவர்களுடைய கற்படுக்கைகள் உள்ளன. அங்கேயுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சுமார் 2,000 ஆண்டுப் பழமையானது. மலையை அது "இவகுன்றம்" என்கிறது. இபம் என்றால் யானை. புராணம் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே யானை படுத்துவிட்டது என்றேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆனால் என் மனம் லயித்தது அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையில். பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டியனின் மந்திரி மாறன் காரி, 770-ஆம் ஆண்டில் இப்பாறையைக் குடைந்து கோயில் எடுப்பித்தார். குடமுழுக்குக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பிறகு மந்திரி பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபம் எடுத்துத் திருப்பணியை முடித்தார். இருவர் பெயரும் கல்லில் நிற்கின்றன. எனக்கும் ஒரு தம்பி உண்டு. நான் பாதியில் விட்ட சுவருக்கு அவன் சுண்ணாம்பு அடிப்பானா என்பதே சந்தேகம்!

2010-ஆம் ஆண்டில் சர்க்கார் இம்மலையில் சிற்ப நகரம் அமைக்க யோசித்தது. மலையைச் செதுக்கினால் மலை ஏது என்று சுற்றுவட்டாரக் கிராமத்தார் கிளம்பினார்கள், யோசனை கைவிடப்பட்டது. மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் சிலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. அவை கிரானைட் பலகைகளாகிக் கப்பலேறிவிட்டன.

பையனின் கேள்விக்கு அன்று விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அப்பாவைக் கேட்டு வா" என்று சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாய் அவன் எழுந்து நின்றான்.

"மருந்து கொஞ்சம் போதுமாம், ஸார். துளை போடுவதுதான் பெரிய வேலையாம். அப்பா சொன்னார்."