துரை வீட்டு அடுப்பு

சும்மா கிடைக்கும் பொருளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அது தொழில் புத்தி. டிரையரில் கழற்றிய பழைய போல்ட்டைக்கூட டப்பாவில் போட்டு வைத்துத்தான் பழக்கம். ஆனால் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா கைமாறி, சாமான்களை ஒழித்துக்கட்டியபோது, கொட்டகை ஓரம் நனைந்து கிடந்த கேஸ் கிரில்லை நான் டெம்போ பிடித்து ஏற்றி வந்ததற்குக் காரணம் வேறு.

அப்பா அப்படியொரு பங்களாவில் பட்லர். வாரம் முழுக்க அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத துரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புல்வெளியில் தானே கறி சுடுவார். மசாலா தடவி ஊற வைத்தது அப்பா. கரி மூட்டியது அப்பா. இடுக்கி பிடித்தவருக்குப் பாராட்டு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சுட்ட கறி மேல் அப்போதும் பெரிய ஆசை கிடையாது, இப்போதும் கிடையாது. ஆசையெல்லாம் அந்த இடுக்கியோடு நிற்பதில்தான். ஐம்பது வயது தாண்டியவன் சொல்லிக்கொள்ளக் கூசும் ஆசை. வீட்டில், “சும்மாதானே வருது, பழைய இரும்புக்குப் போட்டாலும் காசு” என்று சொல்லி வைத்தேன். மனைவி நம்பவில்லை.

அப்பா கரி மூட்டியது உருண்டை மூடி போட்ட கிரில்லில். அதன் மூலம் ஒரு பட்டறைக்காரரின் கைவேலைதான். 1952-இல் சிகாகோ பக்கம் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன், தண்ணீரில் மிதக்கவிடும் மிதவைக்காகச் செய்த இரும்பு அரைக்கோளத்தை வெட்டி, கால் வைத்து, இன்னொன்றை மூடியாக்கினார். காற்று தாறுமாறாக அடித்தாலும் தீ அடங்கி நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. எனக்குக் கிடைத்ததோ அதன் பிந்தைய தலைமுறை: சக்கரம் வைத்த பெட்டி, மூன்று பர்னர், இரட்டைத் தகட்டு மூடி. குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபரிலும் நவம்பரிலும்தான். அந்த மழையையும் அதற்குப் பிறகு வரும் பனியையும் பல வருஷம் குடித்த இரும்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

முதல் வேலையாக மூடியைப் பளபளப்பாக்கத்தான் கை போயிற்று. சோப்புத் தண்ணீர், ஸ்டீல் வூல், வினிகர். ஒரு வாரக் கடைசி முழுக்கத் தேய்த்தேன். உள்பக்கம் கருப்பாக உரிந்து வந்ததைப் பெயின்ட் என்று நினைத்த பையன் பதறினான். அது பெயின்ட் இல்லை, புகையும் கொழுப்பும் ஏறி இறுகிய கரி. சுரண்டினால் போய்விடும். வார்ப்பிரும்புக் கம்பித் தட்டுகளைத் தோசைக்கல் பழக்குகிற மாதிரியே பழக்கினேன்: துரு போகத் தேய்த்து, கழுவி, ஈரம் வற்றச் சூடாக்கி, கடலெண்ணெயை மெல்லிசாகத் தடவி மறுபடி சூடு. எண்ணெய் பொங்கத் தடவினால் பிசுபிசுப்பாகி நிற்கும். துடைத்தெடுத்த பிறகு மிச்சமிருப்பதே போதும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை, அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து மெச்சுகிற வேலை. கேஸ் போகும் பாதையை யாரும் பார்ப்பதில்லை. அங்கே என் தாராளத்துக்கு இடமில்லை. சாப்பாடு படுகிற இரும்பு எவ்வளவு பழசாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். கேஸ் படுகிற ரப்பர் ஒன்றைக்கூட ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஓஸ், ரெகுலேட்டர், வாஷர் எல்லாம் கழித்துப் போட்டேன். வீட்டு அடுப்புக்கே ஓஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வெட்டவெளியில் கிடந்ததை என்ன சொல்வது.

பர்னர் குழாய்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மறுமுனை தெரியவில்லை. சிலந்தி. கேஸும் காற்றும் கலக்கிற குறுகலான குழாய் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். மஸ்டா கம்பெனி 2011-இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததே, பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் மஞ்சள் சிலந்தி கூடு கட்டுகிறது என்பதற்காகத்தான். கிரில்லில் கூடு இருந்தால் கேஸ் முன்னால் போக முடியாமல் பின்னால் திரும்பும். தீ பர்னரில் எரிவதற்குப் பதில் திருகு குமிழுக்குப் பக்கத்தில், நம் விரலுக்குக் கீழே எரியும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை வளைத்து விட்டுக் குத்தினேன். அடைபட்டிருந்த துளைகளை ஊசியால் திறந்தேன். ஜெட்டை மட்டும் ஊசியால் தொடக்கூடாது. பித்தளைத் துளை மயிரிழை பெரிதானாலும் கேஸின் அளவு மாறிவிடும். அதை ஊதித்தான் சுத்தம் பண்ண வேண்டும்.

ரெகுலேட்டர் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஹை பிரஷரை எடுத்து வைத்தார். “பெரிய ஐட்டம் சார், ஓட்டல்காரங்க எல்லாம் இதுதான்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்த மாதிரி கிரில்லின் ஜெட், நம் வீட்டு ரெகுலேட்டர் தருகிற குறைந்த அழுத்தத்தை ஒட்டியே துளைக்கப்பட்டது. வெளிநாட்டு ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வால்வில் உட்காராது என்பதுதான் சிக்கலே தவிர, அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜெட்டில் போட்டிருந்த குறியைப் பார்த்து, இது சிலிண்டர் கேஸுக்கானது, குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கானதல்ல என்று உறுதி செய்துகொண்ட பிறகே சாதாரண ரெகுலேட்டர் வாங்கினேன். இயற்கை எரிவாயு ஜெட்டின் துளை பெரிசு. அதில் சிலிண்டர் கேஸை விட்டால் கறியோடு புருவமும் சுடும்.

இணைத்து, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே பற்ற வைத்தேன். மூடி போட்டுப் பற்ற வைத்தால் உள்ளே தேங்கிய கேஸ் ஒரே மூச்சாகப் பிடித்துக்கொள்ளும். தீ வந்தது. மஞ்சளாக வந்தது.

ஃபேக்டரி ஃபர்னஸ் பார்த்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியும், காற்று போதவில்லை. ஒரு பங்கு கேஸ் முழுசாக எரிய இருபத்துநாலு முதல் முப்பது பங்கு காற்று வேண்டும். குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஊட்டி 2,240 மீட்டர், இன்னும் குறைவு. கீழ்நாட்டுக்குச் சரியாக இருக்கிற அடுப்பு மலையில் கரி கக்குவது அதனால்தான். குழாய் வாயில் காற்றுக்கென்று ஒரு தகடு இருக்கும். ஸ்குரூவைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். மஞ்சள் சுருங்கி நீலமாயிற்று. அதற்கு மேலும் திறந்தபோது தீ பர்னரைவிட்டு எழும்பித் தத்தளித்தது. கொஞ்சம் மூடினேன், நின்றது.

மூன்று பர்னரையும் முழுசாக விட்டால் 14.2 கிலோ சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்து, சில்லிட்டு, தீ இறங்குகிறது. திரவம் வாயுவாக மாற உள்ளிருக்கும் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. டிசம்பர் சாயங்காலம் வெளியே சூடு எங்கே இருக்கிறது? சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன், உறைநிலை நெருங்கும் குளிரில் ஆவியாகவே மறுக்கும், புரொப்பேன்தான் வண்டியை இழுக்க வேண்டும். சிலர் சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் நிறுத்துவார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். நான் இரண்டு பர்னரோடு நிறுத்திக்கொண்டேன். கிரில்லை வைத்த இடத்தையும் மாற்றினேன். மலை வீடு படிப்படியாக இறங்குவது. காற்றைவிடக் கனமான கேஸ் கசிந்தால் கீழ்ப்படியில் இருக்கும் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குத்தான் போகும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுக்கியோடு நின்றேன். கோழி, உருளைக்கிழங்கு, ஊட்டி கேரட், சோளம். சொந்தக்காரர்கள் சாப்பிட்டார்கள். சோளத்துக்குக் கரி வாசம் இல்லை என்று மச்சான் குறை சொன்னான். சோளத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. அந்த வாசம் பெரும்பாலும் சொட்டுகிற கொழுப்பு கீழே சூட்டுத் தகட்டில் பட்டுப் புகைவதில் வருவது. சோளத்தில் சொட்ட என்ன இருக்கிறது? புகைக்காக ஒரு கற்பூர மரக் குச்சியைப் போடலாம் என்றான். தைல வாசத்தில் கோழி சாப்பிட நான் தயாராக இல்லை.

என் மனைவி முந்தின நாள் ராத்திரி மசாலா அரைத்தாள், காலையில் கறி கழுவினாள். “மாமா, கோழி பிரமாதம்” என்று மருமகன் என்னைப் பார்த்துச் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஞாபகம் வந்தது, இன்பமாக அல்ல. இடுக்கியை அவளிடம் நீட்டினேன். “அதையும் நானே பிடிக்கணுமா?” என்றாள். அவள் சொன்னதும் நியாயம். இப்போது ஊற வைப்பது, அரைப்பது, கழுவுவது என் பொறுப்பு. அதில் ஆசைப்பட எதுவும் இல்லை, முதுகு வலிக்கிறது.

போன குளிர்காலத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் விலைக்குக் கேட்டார். நான் ரெகுலேட்டருக்கும் ஓஸுக்கும் டெம்போவுக்கும் செலவழித்ததைவிட நல்ல விலை. எங்கே வைப்பீர்கள் என்றேன். கண்ணாடி அடைத்த வராந்தாவாம், சமைத்த பிறகு விருந்தாளிகளுக்குக் கதகதப்பாகவும் இருக்குமாம். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கி எழுந்திருக்காதவர்கள் செய்தி மலையில் குளிர்காலந்தோறும் வருகிறது. கேஸ் ஆனாலும் காற்று குறைந்தால் அதே கார்பன் மோனாக்சைடுதான், அதற்கு வாசனையும் கிடையாது. வியாபாரத்துக்கு வீட்டு சிலிண்டரைப் போடக்கூடாது என்பது வேறு கதை. வராந்தாக் கண்ணாடியைக் கழற்றினால் தருகிறேன் என்றேன். கண்ணாடிக்கு ஆன செலவைச் சொன்னார். பேரம் இன்னும் முடியவில்லை.