மூணு தோசை, நாலு பேர்

பின்னம் நடத்தும் நாளில் கத்தியை நான் கடைசியில்தான் எடுப்பேன். மூன்று தோசையை இலையில் வைத்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை எதிரே உட்காரவைத்து, "எல்லாருக்கும் ஒரே அளவு வரணும், எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். சிலர் ஒவ்வொரு தோசையையும் நாலாகப் பிய்த்து ஆளுக்கு மூணு துண்டு வைப்பார்கள். சிலர் இரண்டு தோசையை அரையரையாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நாலாக்குவார்கள். இரண்டும் ஒரே அளவுதானா என்று சண்டை வரும். அதன்பிறகு பலகையில் 3/4 எழுதினால், கோட்டுக்கு மேலே தோசை, கீழே ஆள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாமே நறுக்கிக் கொடுத்தால் துண்டுகளை எண்ணுவதோடு சரி.

சத்துணவு முட்டையைக் குறுக்கே வெட்டினால், மஞ்சள்கரு குறைந்த பக்கம் கிடைத்த பிள்ளை விடாது. "எனக்குப் பாதி வரல டீச்சர்!" சமமாக இல்லாத இரண்டு துண்டை அரை என்று சொல்லக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

எல்லா வகுப்பிலும் வருகிற சிக்கல் 1/8. நாலைவிட எட்டுப் பெரிசு, அதனால் 1/4-ஐவிட 1/8 பெரிசு என்பார்கள். இதைத் தீர்க்கப் பழைய அளவைகள் உதவும். எங்கள் மல்லாங்கிணற்றுப் பக்கம் பாட்டிமார் வீட்டில் படியும் உழக்கும் இன்னும் கிடக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. கம்பையோ குதிரைவாலியையோ தலைதட்டி அளக்கவிட்டால், படி நிறைய எட்டு ஆழாக்கு வேண்டும், உழக்கு நாலே போதும் என்பதைக் கை உணர்ந்துவிடும். அளந்த தானியம் வந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடும். வானம் பார்த்த பூமியில் பாடத்துக்காக ஒரு மணியும் வீணாகக்கூடாது.

ஆனால் இந்த அளவைகள் பாதி பாதியாகவே இறங்குபவை. மூன்றில் ஒன்றுக்கு அங்கே வழியில்லை, வட்டத் தோசையிலும் அது கண்ணுக்குப் பிடிபடாது. அதற்குக் கடலை மிட்டாய்தான். நீளமான கட்டியின் நீளத்துக்கு நூலை வெட்டி, மூன்றாக மடித்து, மடிப்பு விழும் இடங்களில் மிட்டாயை வெட்டச் சொல்வேன். மிட்டாய் தின்று தீர்ந்ததும் நூலைச் சுவரில் ஒட்டி, ஒரு முனையில் 0, மறுமுனையில் 1 எழுதுவோம். முதல் மடிப்பில் 1/3. அடுத்து, அதே நூலில் 1/4 எங்கே வரும், 1/3-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்பேன்.