கீபோர்ட் பழுதில்லை மச்சாள்

டெர்மினலில் என்ன அடிச்சாலும் விழேல்ல எண்டு ஆராவது மெசேஜ் போட்டால், நான் முதல் கேட்கிறது ஒரே கேள்விதான்: கடைசியா எந்தப் பொத்தானை அமத்தினீங்கள்? அநேகமான ஆக்கள் இதைக் குற்றச்சாட்டாகவே எடுப்பினம். "நான் ஒண்டுமே செய்யேல்ல" எண்டு உடனே பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கு. சின்ன வயசில கொம்பியூட்டர் வகுப்பிலயோ, வீட்டில அண்ணன்மாரிட்டயோ, "கண்டபடி அமத்தாத, பழுதாப் போகும்" எண்டு கேட்டு வளர்ந்த பயம். எங்கட பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூட எண்டு நினைக்கிறன். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இன்னும் கூட.

உண்மையில் டெர்மினலில் எழுத்து விழாமல் போற இடங்களில் கீபோர்ட் பழுதாக இருப்பது அபூர்வம். பிரவுசரைத் திறந்து நாலு எழுத்து அடிச்சுப் பார்த்தால் தெரிஞ்சிடும். அங்கே விழுந்தால் கீபோர்ட் நல்லாத்தான் இருக்கு. கம்பஸில முதலாம் வருஷம், லினக்ஸில் 'சூடோ' போட்டுக் கடவுச்சொல் அடிக்கேக்க ஒரு நட்சத்திரக் குறிகூட வராததைப் பார்த்து, புதுக் கீபோர்ட் வாங்க யூனிட்டி பிளாசாவுக்கு வெளிக்கிட்ட ஒருத்தனை நாங்கள் மறிச்சிருக்கிறம். கடவுச்சொல் எத்தினை எழுத்து எண்டு பக்கத்தில நிக்கிற ஆளுக்கும் தெரியக்கூடாது எண்டுதான் அது ஒண்டையும் காட்டாமல் இருக்கு. அடிக்கிறது உள்ளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இதைவிடப் பொல்லாதது கொன்ட்ரோல் எஸ்.

வேர்டிலும் எக்செலிலும் வேலை செய்து பழகின கைக்கு அது 'சேவ்'. ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா, யோசிக்காமலே விரல் போகும். டெர்மினலில் அதே இரண்டு பொத்தானுக்கும் அர்த்தம் "நிப்பாட்டு". திரை அப்படியே உறைஞ்சு போகும். பிழை எண்டோ, நிறுத்தியிருக்கு எண்டோ ஒரு சொல்கூட வராது.

இது ஏன் இப்படி எண்டு தேடினால் 1963 இல் வந்த டெலிடைப் மொடல் 33 வரைக்கும் போக வேணும். திரை இல்லாத காலம். கொம்பியூட்டர் சொல்றதைத் தாளில் அடிக்கிற ஒரு தட்டச்சு இயந்திரம் அது, வினாடிக்குப் பத்து எழுத்துத்தான் அதின்ர வேகம். தாளும் துளைநாடாவும் வேகத்துக்கு ஈடுகுடுக்க ஏலாத நேரத்தில் "கொஞ்சம் பொறு" எண்டு சொல்ல ஒரு குறி, "இனி அனுப்பு" எண்டு சொல்ல இன்னொரு குறி. ஆஸ்கி அட்டவணையில் 19 உம் 17 உம். ஆங்கில அரிச்சுவடியில் 19 ஆவது எழுத்து எஸ், 17 ஆவது கியூ. அதால கொன்ட்ரோல் எஸ் நிப்பாட்டும், கொன்ட்ரோல் கியூ திரும்ப விடும். இயந்திரம் நூதனசாலைக்குப் போயிட்டுது, குறி மட்டும் எங்கட லப்டொப்புக்குள்ள இருக்கு. டெர்மினலை இண்டைக்கும் 'டிடிவை' எண்டு கூப்பிடுறதும் அந்த டெலிடைப்பின்ர பேரைச் சுருக்கித்தான்.

போன மாரிக்குள்ள எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில புத்தகப் பட்டியல் எடுக்கிற வேலை நடந்தது. பழைய பதிவுக் கொப்பியைக் கறையான் அரிச்சுப்போட்டுது. எந்தப் புத்தகம் இருக்கு, எது இரவல் போய்த் திரும்பி வரேல்ல எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. என்ர மச்சாள், ஏ.எல். எழுதிப்போட்டு இருக்கிறவள், சம்பளம் ஒண்டும் இல்லாமல் அந்த வேலையை எடுத்தாள். கம்பஸ் பெடியன் ஒருத்தன் பைதனில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் குடுத்திருந்தான். தலைப்பு, எழுதினவர், ஆண்டு, அலுமாரி இலக்கம் எண்டு ஒவ்வொண்டாக் கேட்கும். கடைசியில் 'முடி' எண்டு குடுத்தால்தான் எல்லாத்தையும் கோப்பில் எழுதும். அதுவரைக்கும் எல்லாம் நினைவகத்தில்தான். (ஒவ்வொரு புத்தகத்துக்கும் உடனே எழுதுற மாதிரிச் செய்திருக்கலாம். இரண்டு வரி வேலை.)

பின்னேரம் மூண்டு மணிபோல கோல் வந்தது.

"மச்சாள், எல்லாம் நிண்டுபோச்சு. கீபோர்ட் செத்திட்டுது. காலமை இருந்து 214 புத்தகம்."

"ஜன்னலை மூடாத. ஓஃப் பண்ணாத. கொன்ட்ரோல் சியும் அமத்தாத."

"இஞ்ச ஐயா பிளக்கைக் கழட்டிக் கொழுவச் சொல்றார்."

"அவரைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு."

ஐயா நிலையத்து நிர்வாகத்தில கனகாலமா இருக்கிறவர். கொப்பியிலயே எழுதியிருக்கலாம் எண்டு தொடக்கத்திலயே சொன்ன ஆள். அண்டைக்கு அந்த 214 உம் போயிருந்தால், கொம்பியூட்டர் சரிவராது எண்டு மட்டும் கதை நிண்டிருக்காது. "இவள் என்னத்தையோ அமத்திப்போட்டாள்" எண்டுதான் ஊரில நிண்டிருக்கும். அடுத்தமுறை ஒரு வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கவும் மாட்டினம்.

கொன்ட்ரோல் கியூ அமத்தச் சொன்னன். ஒண்டும் நடக்கேல்ல. அவளின்ர மூச்சு எனக்குக் கேட்டது. திரை உறைஞ்ச பிறகு என்ன செய்தாய் எண்டு கேட்டன். தமிழுக்கு மாத்திப் பார்த்தாளாம். அங்கதான் விஷயம். விசைப்பலகை தமிழில் நிண்டால், கியூ இருந்த இடத்தில் ஒரு தமிழ் எழுத்து நிக்கும். சில டெர்மினல்கள் புத்தியா அதை ஆங்கிலப் பொத்தானா எடுத்துக்கொள்ளும். சிலதுக்கு விளங்காது. அரிச்சுவடியில் 17 ஆவது எழுத்தை அது எங்க தேடிப் பிடிக்கிறது? ஆங்கிலத்துக்கு மாத்தி, திரும்ப கொன்ட்ரோல் கியூ. உறைஞ்சிருந்த நேரத்தில் அவள் பதகளிச்சு அமத்தின என்டர் எல்லாம் ஒரேயடியாக் கொட்டுண்டது. உள்ளே வரிசையில் காத்துக்கொண்டு நிண்டவை. வெறுமையா மூண்டு பதிவு விழுந்தது, 214 உம் பத்திரம். கொன்ட்ரோல் சி அமத்தியிருந்தால் புரோகிராம் செத்திருக்கும், பதிவுகளும் அதோட போயிருக்கும்.

பிறகு கோப்பைத் திறந்து பார்த்தால் வேறொரு கூத்து. "நாவற்குழி" எண்டு இருக்கவேண்டிய இடத்தில் "நாவலற்குழி". இப்படி இருபதுக்குக் கிட்ட. தான் திருத்தினதா அவள் சத்தியம் பண்ணினாள். அவள் சொன்னது சரி.

'தமிழ்' எண்ட சொல் எங்களுக்கு மூண்டு எழுத்து. யுனிகோட்டில் அது ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப் 8 இல் ஒவ்வொரு குறிக்கும் மூண்டு பைட், மொத்தம் 15. 'நாவல்' எண்டு அடிச்சுப்போட்டு ஒருக்கா அழிச்சால், உள்ளுக்கு அழியிறது புள்ளி மட்டும்தான். ஆனால் டெர்மினல் அதைத் தனி எழுத்தா நினைச்சுத் திரையில் ஒரு கட்டம் பின்னுக்குப் போய், முழு 'ல்' ஐயும் துடைச்சுப்போடும். அவள் கண்ணுக்கு 'நாவ' தெரிஞ்சது. உள்ளே 'நாவல' இருந்தது. அதுக்கு மேல 'ற்' அடிச்சால் வேற என்ன வரும்? புள்ளி இல்லாமல் தமிழ் எழுத ஏலாது. இந்தக் கருவிகளைச் செய்த ஆக்களுக்கு ஒரு எழுத்து எண்டால் ஒரு கட்டம்.

புரோகிராமில் 'ரீட்லைன்' எண்ட மொடியூலைச் சேர்க்க, அழிக்கிறது ஒழுங்கா வந்தது. டெர்மினல் தொடங்கேக்க 'எஸ்டிடிவை மைனஸ் இக்சோன்' எண்டு ஒரு வரி ஓடுறமாதிரி வைச்சம். இனி அங்க கொன்ட்ரோல் எஸ் உறையாது. அந்தக் கம்பஸ் பெடியனும் குறை நினைக்காமல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் உடனே கோப்பில் எழுதுற மாதிரி மாத்தித் தந்தான்.

உங்களுக்கும் நடந்தால்: ஆங்கிலத்துக்கு மாத்தி, முதல் கொன்ட்ரோல் கியூ. ஒரு புரோகிராம் இடையில செத்து, அதுக்குப் பிறகு அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாமல் போனால், தெரியாட்டிலும் பரவாயில்லை, 'ரீசெட்' எண்டு ஆங்கிலத்தில் அடிச்சு என்டர் குடுங்கோ. என்டருக்கும் அசையாட்டில் கொன்ட்ரோல் ஜே. பாமினியில் பழகின கை எண்டால் இன்னொரு சிக்கல் இருக்கு. அது எழுத்துருவின்ர வேஷம்தான், அடியில் இருக்கிறது ஆங்கில எழுத்து. டெர்மினலில் அந்த வேஷம் கலைஞ்சு, புள்ளி வரவேண்டிய இடத்தில் செமிகோலன் வந்து நிக்கும். அதைப் பழுது எண்டு நினைச்சு மினைக்கெடாதேங்கோ, யுனிகோட் விசைப்பலகைக்கு மாறுங்கோ.

வாசிகசாலையில இன்னும் இரண்டு அலுமாரி கிடக்கு. மச்சாள் இப்ப இரண்டு தங்கச்சிமாரையும் பக்கத்தில வைச்சுப் பழக்கிறாள். ஐயா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டியலைப் பிரின்ட் எடுத்து, ஒரு மொனிட்டர் கொப்பியில ஒட்டி வைக்கிறாராம்.