வேற்றுக் கோளினின்று வந்தவன்

1938-ஆம் ஆண்டில் தோன்றி, இன்றளவும் மூப்பெய்தாத வீரன் சூப்பர்மேன். அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவர் அவனைப் படைத்தனர். ஜெர்ரி சீகல் கதை எழுதினார், ஜோ ஷூஸ்டர் படம் வரைந்தார். இருவரும் ஐரோப்பாவினின்று குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் மக்கள். அவ்வீரனின் உரிமையை அவர்கள் 130 டாலருக்கு விற்றுவிட்டது வேறொரு துயரக் கதை. அழிந்துபோகும் கிரிப்டான் என்னும் கோளினின்று சிறு கலமொன்றில் ஏற்றி அனுப்பப்பெற்ற குழந்தை, மண்ணுலகில் உழவர் இல்லத்து மகனாய் வளர்கின்றான். தன்னை வளர்த்த உலகைக் காக்கின்றான். குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் புனைந்த கதை, குடிபெயர்ந்த ஒருவனின் கதையாகவே அமைந்ததில் வியப்பென்ன?

அவ்வீரனின் கதையைப் புதிதாய்த் தொடங்கி ஜேம்ஸ் கன் இயக்கிய ‘சூப்பர்மேன்’ திரைப்படம் 2025 ஜூலை 11 அன்று வெளிவந்தது. டேவிட் கோரன்ஸ்வெட் நாயகனாகவும், நிக்கோலஸ் ஹோல்ட் பகைவன் லெக்ஸ் லூதராகவும் நடித்துள்ளனர். சங்க இதழில் இதற்கு இடம் எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, இன்று சித்தூர் வட்டத்தின் எல்லையோரத்தில் வாழும் நாம், இவ்வீரனை இளமை முதலே நம்மவருள் ஒருவனாக எண்ணி வந்துள்ளோம். அவனுக்கு நேர்வது நமக்கும் நேர்வதாகவே தோன்றுகின்றது. எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

1978-இல் ரிச்சர்டு டானர் இயக்கக் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த படமே நமக்கு இன்றும் அளவுகோல். பறக்கும் ஆற்றலினும் அவர் முகத்தில் இருந்த கனிவே நம்மைக் கவர்ந்தது. 2013-இல் சாக் சினைடர் இயக்கிய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் நகரின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. வீரன் பகைவனின் கழுத்தை முறித்தான். அங்கே வலிமையைக் கண்டோம், அருளைக் காணவில்லை. புதிய படத்திலோ, பெரும் பூதமொன்று நகரை மிதிக்கும் நேரத்தில், அதன் காலடியினின்று ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகின்றான் நாயகன். கொட்டகையிலே பலர் நகைத்தனர், நாமோ மகிழ்ந்தோம். வலியவனுக்கு எளிய உயிர் கண்ணில் படுவதன்றோ வீரம்!

வீரனின் பிறப்பை மீண்டும் விரிக்காமல், அவன் முதன்முறையாகத் தோற்று வீழும் இடத்திலேயே கதையைத் தொடங்கியதும் நன்று. குறைகளும் உண்டு. பிற வீரர் பலர் ஒரே படத்தில் நெருக்கியடித்து நுழைகின்றனர்; ஓசையும் மிகுதி. ஆயினும் இவை பொறுக்கத்தக்கவை. நாம் வழக்காட விரும்புவது வேறொன்று.

பழைய படத்தில், ஈன்ற தந்தையின் சொல் மகனுக்கு வழிகாட்டும் ஒளியாக இருந்தது. புதிய படத்திலும் பெற்றோர் விடுத்த செய்தி ஒன்று உண்டு. கலம் பழுதுற்றமையால் அதன் முற்பாதி மட்டுமே அவனுக்குக் கிட்டியது. அதில் அன்பு இருந்தது. மண்ணுலகுக்கு நன்மை செய்க என்னும் கருத்து இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டே அவன் தன் வாழ்வை வகுத்துக்கொண்டான். பின்னர் லூதர் பிற்பாதியையும் மீட்டு ஊரறிய ஒலிபரப்புகின்றான். அம்மக்கள் எளியர், அவர்களை இரக்கமின்றி ஆள்க என்கிறது அது. நேற்றுவரை போற்றிய மக்கள் ஒரே நாளில் அவனை வெறுக்கின்றனர். வேற்றுலகத்தானுக்கு உரிமை ஏதுமில்லை என்று கூறி, வழக்கும் விசாரணையுமின்றிச் சிறையில் அடைக்கின்றனர்.

அந்தக் காட்சியை நம்மவர் எளிதில் கடந்துவிட இயலாது. மூன்று தலைமுறையாக மலையிலே கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளையும், சந்தையில் ஒரு பூசல் எழுந்தால் ‘பாண்டி’ என்னும் சொல்லைக் கேட்க நேர்கின்றது. பல நாள் பழகிய முகங்கள் ஒரு நொடியில் மாறுவதை நாமும் கண்டதுண்டு.

கோவையில் படம் பார்த்து வேலந்தாவளம் வழியாகத் திரும்புகையில், உடன் வந்த நம் தம்பி மகன் கேட்டான்: “பெரியப்பா, அவனப் பெத்தவங்க சொன்னது கெட்டதுன்னா, அவன் பொறந்த ஊரே கெட்டதுன்னு ஆயிடுமா?”

படம் தரும் விடையை முதலில் கூறுவோம். மனமுடைந்து வீடு திரும்பிய மகனிடம் வளர்ப்புத் தந்தை பேசுகின்றார். பிள்ளை இன்னவாறு ஆகவேண்டும் என்று விதிப்பது பெற்றோர் தொழிலன்று; அவன் தேர்வும் செயலுமே அவனை ஆக்குவன என்பது அவர் பேச்சின் சாரம். பொன்போன்ற கருத்து! ஆனால் படத்தின் முடிவில், தொடக்கத்தில் ஈன்றோரின் படக்காட்சி ஓடிய இடத்தில், வளர்த்தோரின் படக்காட்சி ஓடுகின்றது. கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். எனினும் நம் மனம் முழுதும் உடன்படவில்லை. பிற்பாதி தீயதாயினும் முற்பாதி பொய்யாகிவிடுமோ? அவனை நல்லவனாக்கியதில் அம்முற்பாதிக்கும் பங்குண்டன்றோ? இயக்குநர் செய்தி முழுவதையும் அகற்றிவிட்டார். பிரித்தறியும் வேலையை நாயகனுக்குத் தரவில்லை.

அவ்வேலை நமக்கு வாய்த்திருக்கின்றது. நம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையினின்று கங்காணியின் பின்னே மலையேறியவர். அவர் கொணர்ந்த மூட்டையில் தமிழ் இருந்தது. குலதெய்வத்தின் பெயர் இருந்தது. பசித்து வந்தவனுக்குப் பகிர்ந்துண்ணும் பழக்கம் இருந்தது. அதே மூட்டையில் சாதியும் இருந்தது. யார் வீட்டில் தண்ணீர் அருந்தலாம், யாருக்குப் பெண் கொடுக்கலாகாது என்னும் விதிகளும் இருந்தன. ஒருவரை ஒருவர் ஆள்க என்னும் பிற்பாதியே அது! லயத்தில் ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்தும் அதனைக் கைவிடாத வீடுகளை நாம் அறிவோம்.

ஆகவே தம்பி மகனிடம் இவ்வாறு கூறினோம்: “ஊர் கெட்டதில்லை கண்ணு. அங்கிருந்து வந்த சேதியில நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நல்லத வச்சுக்கணும், கெட்டத விட்டுடணும். அத யாரும் நமக்காகச் செய்ய மாட்டாங்க.”

1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அதனுள் அடங்கின. அன்று எழுந்த மனக்கசப்பை முதியோர் மறந்திலர். ஆயினும் நம்மை வளர்த்த மண் இதுவே. இங்கே மலையாளம் நம் பிள்ளைகளின் நாவில் தாய்மொழி போலவே ஓடுகின்றது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதும் உரிமையை ஏற்றுள்ளது. வளர்த்த வீட்டின் மொழியைப் போற்றுவதும், அவ்வீட்டிற்கே நம் மொழியில் மடல் எழுதுவதும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஈன்றோரையும் வளர்த்தோரையும் ஒரே சுவரில் மாட்டிவைக்க இடமுண்டு.

அன்பர்கள் தம் பிள்ளைகளுடன் இப்படத்தைக் காண்க. அணிலைக் காத்த கையைப் போற்றுக. வீடு திரும்பிய பின், பாட்டனார் விட்டு வந்த ஊரின் பெயரைப் பிள்ளைகட்குச் சொல்லுங்கள். அங்கிருந்து எதைக் கொணர்ந்தோம், எதை இனிச் சுமக்கமாட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். செய்தியின் பிற்பாதியை அயலான் ஒருவன் ஊரறிய ஒலிபரப்பும்வரை காத்திருத்தல் வேண்டா.