பம்பருக்குக் கொஞ்சம் எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடுவது அப்பாதான். வைத்து முடித்ததும் கையைத் துடைக்க மாட்டார். அப்படியே மாடிப்படி இறங்கிப் போய், உள்ளங்கையில் மிச்சமிருக்கும் தேங்காய் எண்ணெயை எங்கள் மாருதி 800-ன் கறுப்பு பம்பரில் தேய்த்துவிட்டு வருவார். "பேத்திக்கு ஒரு கை, வண்டிக்கு ஒரு கை" என்று நாங்கள் கேலி செய்வோம்.

2009-ல் வாங்கிய வண்டி அது. மறு வருடம் ஏப்ரலில் சென்னையில் மாருதி 800 விற்பனையே நின்றுபோனது. 2014 ஜனவரியில் தயாரிப்பும் நின்றது. "கடைசி பேட்ச் நம்மோடது" என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை.

நந்தனத்தில் எங்கள் குடியிருப்பில் கூரை போட்ட பார்க்கிங் கிடையாது. தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் வண்டி நிற்கும். பதினொரு மணிக்கு மேல் முன்பாதியில் நேர் வெயில். 2018-ல் நந்தனம் மெட்ரோ ஸ்டேஷன் திறந்த பிறகு வண்டியை எடுப்பது குறைந்தது. அப்புறம் அப்பாவின் பார்வை மங்கியது. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையின் தூசி வேறு. 2024-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்ததோடு சரி, பிறகு சாவி ஆணியிலேயே தொங்கியது. முன்பம்பர் சாம்பல் பூசியதுபோல வெளுத்துவிட்டது.

தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்தான். "வித்துடலாம்க்கா. போட்டோ எடுத்து அனுப்பு." எடுத்த போட்டோவில் வண்டி பரிதாபமாக இருந்தது. சரி செய்துவிட்டு எடுக்கலாம் என்று இறங்கினேன். அப்பாவிடம் விற்கப் போவதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

முதலில் அருகில் ஒரு வாட்டர் வாஷ் கடைக்கு அனுப்பினேன். டீசலில் துணியை நனைத்துத் துடைத்துக் கொடுத்தார்கள். அன்று பளபளவென்று இருந்தது. ஒரே வாரத்தில் பம்பர் பழையபடி வெளுத்தது. ஜன்னல் ரப்பர் வேறு ஊறி இளகிவிட்டது. கதவு, ஜன்னல் ரப்பருக்கு டீசல், மண்ணெண்ணெய் ஆகவே ஆகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. புதுப்பேட்டைக்குப் போய் வேறு ரப்பர் வாங்கி மாற்றினேன்.

அதன் பிறகுதான் விஷயத்தைப் படித்துப் புரிந்துகொண்டேன். பம்பரின் கறுப்பு மேலே பூசிய பெயின்ட் இல்லை, பிளாஸ்டிக்கோடு கலந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பை அரித்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகிறது. அதில் வெளிச்சம் சிதறுவதால் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. காய்ந்த அம்மிக்கல்லில் தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று கறுக்குமே, அதே கதைதான். அப்பாவின் தேங்காய் எண்ணெயும் இதைத்தான் செய்தது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பும், ஒரு மழைக்குக் கரைந்தும் போகும்.

ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் ஆரம்பித்தேன். கார் ஷாம்பூ போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தேன். நுழைந்திருந்த வெள்ளை வாக்ஸ் கறை அப்போதுதான் போயிற்று. நன்றாகக் காயவிட்டு, பெயின்டில் படாமல் ஓரத்தில் டேப் ஒட்டினேன். தண்ணீர் கலப்புள்ள டிரிம் டிரெஸ்ஸிங்கை ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, முதலில் கண்ணில் படாத மூலையில் போட்டுப் பார்த்தேன். பிறகு பம்பர், கண்ணாடிக் கூடு, வைப்பருக்குக் கீழே உள்ள பட்டை. சிறிது நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். கதவு ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ். ஹீட் கன்னால் சூடு காட்டினாலும் கறுப்பு திரும்பும் என்றார் பக்கத்து பிளாக்காரர். கை தவறினால் பெயின்ட் போய்விடும் என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

பாதி வேலையில் அப்பா கம்பை ஊன்றி இறங்கி வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பம்பரைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஒட்டவே இல்லையே!"

இனியும் மறைக்க முடியவில்லை. "அப்பா, தம்பி வண்டியை..."

"விக்கணும்னான், அதானே? எங்கிட்டயும் பேசினான். நீதான் சொல்லல."

நான் தலையைக் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாதான் பேசினார்.

"அதுக்கென்னம்மா. பாப்பாவை ஹாஸ்டலுக்கு அனுப்பறப்போ தலைக்கு எண்ணெய் வச்சு, சீவிச் சிங்காரிச்சுத்தானே அனுப்பினோம். இதுவும் நல்லபடியா போகட்டும். அந்த மூலையில விட்டுட்டே பாரு."

அடுத்த மாதம் மேடவாக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கார் ஓட்டப் பழக வேண்டுமாம். வண்டியைச் சுற்றி வந்தவன், "பம்பர் புதுசா மாத்தினீங்களா சார்?" என்றான்.

ஆமாம் என்றால் இரண்டாயிரம் கூடக் கிடைத்திருக்கும். அப்பா சிரித்தார். "பழசுதாம்ப்பா. வெடிப்பு உள்ளேயே இருக்கு, மேலே மறைச்சிருக்கோம், அவ்வளவுதான். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடணும். முடிஞ்சவரை நிழல்ல நிறுத்து."

சாவியோடு, பாதி மிச்சமிருந்த அந்த டிரெஸ்ஸிங் பாட்டிலையும் அவன் கையில் கொடுத்தார்.