கடலில்லா நாட்டில் வாழைக்கனி

சுவிற்சர்லாந்துக்குக் கடல் இல்லை, வாழைத்தோட்டமும் இல்லை. ஆயினும் அந்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைக்குச் சென்றாலும், வெளியே பனி குவிந்து கிடக்கும் தை மாதத்திலும், மஞ்சள் நிற வாழைப்பழங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. வியப்பு மறைந்த இடத்தில் கேள்வியும் மறைந்துவிடுகிறது.

1980-களில் போரின் கொடுமையால் ஊரைவிட்டு இங்கு வந்து சேர்ந்த தமிழர் பலருள் நானும் ஒருவன். வாழைப்பழங்களைப் பழுக்கவைத்துக் கடைகளுக்கு அனுப்பும் களஞ்சியம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்து பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் மகன் நான். பிறந்த மண்ணிலும் வாழையே எனக்குச் சோறு போட்டது. புகுந்த மண்ணிலும் அதுவே போட்டது.

அந்தக் களஞ்சியத்தில்தான் ஒரு பழத்தின் நெடும்பயணத்தை நான் கற்றேன். எக்குவடோர், கொலம்பியா, கொஸ்தாரிக்கா போன்ற நாடுகளில் காய் பச்சையாக இருக்கும்போதே குலை வெட்டப்படுகிறது. சீப்புகளாகப் பிரித்துக் கழுவி, ஏறத்தாழ 18 கிலோ கொள்ளும் பெட்டிகளில் அடைக்கிறார்கள். கப்பலில் 13 அல்லது 14 பாகை செல்சியஸ் குளிரிலே அதை உறங்க வைக்கிறார்கள். குளிர் இதிலும் மிகுந்தால் தோல் கருகும். குறைந்தால் வழியிலேயே பழுத்துவிடும். அத்திலாந்திக் கடலைத் தாண்டி அன்ட்வேர்ப் போன்ற வடகடல் துறைமுகங்களில் இறங்கும் பெட்டிகள், பின்னர் புகைவண்டியிலும் லொறியிலும் ஏறுகின்றன. பாசல் நகரில் ரைன் நதித் துறைமுகம் உண்டு. தானியமும் எண்ணெயும் அங்கு படகில் ஆறுதலாக வரலாம். பழத்துக்குப் பொறுமை இல்லை. அது பெரும்பாலும் தரை வழியே விரைந்து வரும்.

களஞ்சியத்துக்கு வந்ததும் காயை மூடிய அறையில் வைத்து, வெப்பத்தைச் சற்று உயர்த்தி, எத்திலீன் வாயுவைச் செலுத்துவோம். சில நாட்களில் பச்சை மஞ்சளாகும். முதன்முறை அதைக் கண்டபோது ஐயாவை நினைத்துக்கொண்டேன். அவர் குழி வெட்டி, குலைகளை அடுக்கி, மண்ணால் மூடிப் புகை ஊட்டுவார். அந்தப் புகையிலும் இதே எத்திலீன் உண்டு. பள்ளிக்கூடம் காணாத ஐயாவின் குழியும் இந்நாட்டின் மின்சார அறையும் செய்யும் தொழில் ஒன்றே.

எல்லாக் கனிகளுக்கும் இவ்வளவு இலகுவாகக் கதவு திறப்பதில்லை. நம்மவர் கடைகளுக்கு மாம்பழம் விமானத்தில் வரும். அதன் விலையில் பெரும்பங்கை வான்பயணமே விழுங்கிவிடும். பழ ஈ போன்ற பூச்சிகள் உள்ளே வந்துவிடக்கூடாது என்ற அச்சமும் உண்டு. 2020 சனவரி முதலாம் நாள் தொடக்கம், ஐரோப்பாவுக்கு அப்பாலிருந்து வரும் பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டம். பயணப்பைக்குள் பாசத்தோடு பொதிந்துவரும் கறுத்தக் கொழும்பானுக்கும் அதே சட்டந்தான். வாழை, அன்னாசி, தேங்காய், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, மாம்பழத்தை நிறுத்தி "நீ யார், எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்கும் எல்லை, வாழைப்பழத்திடம் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை.

அதைக் கேள்வி கேட்டவள் என் மகள். நாங்கள் வாழ்வது துர்காவ் மாநிலத்தில். இது அப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன நிலம். ஒருநாள் கடையில் இரண்டு விலைச்சீட்டுகளையும் பார்த்துவிட்டு, "அப்பா, எங்கட வீட்டுக்குப் பின்னால விளையிற அப்பிளைவிட, கடல் தாண்டி வாற வாழைப்பழம் ஏன் மலிவு?" என்றாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

அதற்குப் பல காரணங்களைச் சொல்லலாம். உள்ளூர் விளைச்சல் காலத்தில் வெளிநாட்டு அப்பிளுக்கு அரசு உயர்ந்த தீர்வை விதித்துத் தன் உழவனைக் காக்கிறது. இங்கு கூலியும் அதிகம். வாழையோ மாபெரும் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. ஒரே கப்பலில் மலைமலையாக வருகிறது. இவையெல்லாம் உண்மை. ஆயினும் இவற்றோடு விடை முடிந்துவிடுவதில்லை. எஞ்சிய பகுதி குலை வெட்டுபவனின் மெலிந்த கூலியில் இருக்கிறது. சில வேளைகளில் அவனுடைய உடலிலும் இருக்கிறது. 1970-களில் நெமகோன் என்ற பூச்சிக்கொல்லியால் கொஸ்தாரிக்காவின் வாழைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் பிள்ளைப்பேற்றை இழந்தனர். அந்த இழப்பு எந்த விலைச்சீட்டிலும் எழுதப்படவில்லை.

எனக்கு இதை நூல் படித்து அறியவேண்டிய தேவை இருக்கவில்லை. ஐயா குலைகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வார். விலை சொல்பவர் வியாபாரியே. "கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது, தம்பி. பழுத்தது காத்திராது" என்பார் ஐயா. பழம் காத்திராது என்பதை வாங்குபவன் அறிவான்; அந்த அவசரமே ஏழை உழவனின் கழுத்தில் விழும் கயிறு.

மகளின் கேள்வியை எங்கள் மாநிலத் தலைநகரான ஃபிரவுன்ஃபெல்டில் சில பெண்கள் முன்பே கேட்டிருந்தார்கள். 1973-ஆம் ஆண்டு டொலரின் மதிப்பு வீழ்ந்தபோது, பெரிய விற்பனை நிறுவனம் ஒன்று வாழைப்பழத்தின் விலையைக் கிலோவுக்கு 15 றாப்பன் குறைத்தது. எல்லோரும் மகிழ்ந்தனர். சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மனைவியான ஊர்சுலா புருன்னரும் அவருடைய தோழியரும் மகிழவில்லை. "எங்களுக்கு இந்த 15 றாப்பன் வேண்டாம், இதை விளைவித்தவர்களுக்குக் கொடுங்கள்" என்பது அவர்களின் வேண்டுகோள். அதற்கு வழியில்லை என்றது நிறுவனம். அவர்கள் தள்ளுவண்டியில் வாழைப்பழத்தை ஏற்றித் தெருவில் இறங்கி, வழிப்போக்கரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். 'வாழைப்பழப் பெண்கள்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. ஊர்சுலா புருன்னர் நடு அமெரிக்காவின் தோட்டங்களுக்கே சென்று தொழிலாளரைச் சந்தித்தார். 2017-இல் அவர் மறையும்வரை அந்தக் கேள்வி ஓயவில்லை.

1992-இல் காரித்தாசும், தவக்காலக் காணிக்கையைத் திரட்டும் கத்தோலிக்க அமைப்பும், வேறு நான்கு உதவி நிறுவனங்களும் இணைந்து சுவிற்சர்லாந்தில் மாக்ஸ் ஹவெலார் அறக்கட்டளையை நிறுவின. 1997-இல் நியாய வணிக முத்திரை தாங்கிய வாழைப்பழம் இந்நாட்டுப் பெருங்கடைகளுக்கு வந்தது. அந்த ஏற்பாட்டில் விளைவிப்போருக்குக் குறைந்தபட்ச விலை ஒன்று உறுதி செய்யப்படுகிறது. அதற்கு மேலாகப் பெட்டி ஒன்றுக்கு ஒரு டொலர் கொடுக்கப்படுகிறது. அதைப் பள்ளிக்கா, கிணற்றுக்கா, மருந்துக்கா செலவிடுவது என்பதைத் தோட்டத்தாரும் தொழிலாளருமே கூடித் தீர்மானிக்கின்றனர். வழியில்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒரு வழி பிறந்தது.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று நான் எண்ணவில்லை. கடைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலை குறைக்கும்போது அந்தச் சுமை இன்றும் தோட்டத்தை நோக்கியே இறங்குகிறது. ஒரு முத்திரை நீதியின் தொடக்கமே அன்றி முடிவன்று. ஆனால் அந்தப் பெண்கள் கற்றுத்தந்த ஒன்று என்னுள் நிலைத்துவிட்டது. தருமம் செய்யும்போது நம் மனம் இளகுகிறது. மலிவாக வாங்கும்போது அதே மனம் உறங்குகிறது. உண்மையில் கொடுக்கும் கையைவிட வாங்கும் கைக்கே நாள்தோறும் அதிக வேலை.

மகளுக்கு அன்று நான் சொன்ன விடை சிறியது: "மலிவாய் இருக்கிறதெண்டால், மிச்சக் காசை ஆரோ ஒராள் குடுத்திருக்கிறார், பிள்ளை." அவள் சற்று நேரம் நின்று, "அந்த ஆளை நாங்கள் பாக்கேலாதோ?" என்று கேட்டாள். மலைகள் சூழ்ந்த நாட்டில் வாழ்பவர்க்குக் கடலுக்கு அப்பால் இருப்பவர் முகம் தெரியாதுதான். ஆனால் அவர் கை தொட்ட கனி நம் உணவு மேசைமீது இருக்கிறது. அயலவர் யார் என்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.